பட்டி போட்டா ஏன் குமிழி வருது?

(காட்சி: புது சிமெண்ட் பூச்சு சுவர். பிளேடு கீழிருந்து மேலே போகிறது. அது போன இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள்.)

பெயிண்டுக்கு முன்னாடி சுவரை வழவழப்பாக்க மெல்லிசா இழுக்குற மாவுதான் பட்டி (வால் புட்டி). இப்ப கொஞ்சம் உத்துப் பாருங்க. பிளேடு போன கையோட சுவர் வழவழன்னு இருக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டே வாங்க. இருபது வர்றதுக்குள்ள அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் கடுகு பொரியிற மாதிரி வரிசையா. காய்ஞ்சதும் அத்தனையும் ஊசித் துளை ஆயிடும். பெயிண்ட்ல மறைஞ்சிடும்னு சொல்வாங்க. மறையாது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியா சாய்வா விழும்போது சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.

உடனே வீட்டுக்காரர் பட்டி மூட்டையைத் திட்டுவார், பெயிண்டர் கொத்தனாரைத் திட்டுவார். நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி நேரம் மூட்டை மேல தப்பில்லை. சுவருக்குத் தாகம்.

(காட்சி: காய்ந்த செங்கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போடுகிறார்கள்.)

செங்கலைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். சர்ர்னு குமிழி கிளம்பும். செங்கல்லுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துளைகள்ல தண்ணி நுழையுது. அங்க ஏற்கனவே குடியிருந்த காத்து வெளிய வருது. நல்ல செங்கலே தன் எடையில 20 சதவீதம் வரைக்கும் தண்ணி குடிக்கலாம்னு ஐ.எஸ்.ங்கிற இந்தியத் தர விதி இடம் கொடுக்குது. அவ்வளவு காலி இடம் உள்ள இருக்கு.

சிமெண்ட் பூச்சும் அதே கதைதான். நீங்க ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டி இழுக்குறீங்க. சுவர் அதுல இருக்கிற தண்ணியை உறிஞ்சுது, பதிலுக்குக் காத்தை வெளிய தள்ளுது. அந்தக் காத்து பட்டியைத் துளைச்சுக்கிட்டு வருது. அதே நேரம் தண்ணி போயிட்டதால பட்டி இறுகிடுது, துளையை மூட அதால முடியலை. இன்னொரு சேதமும் உண்டு. வெள்ளை சிமெண்ட் பட்டி கெட்டியாகணும்னா தண்ணி வேணும். சுவர் அதைப் பிடுங்கிக்கிட்டா, ஒரு மாசம் கழிச்சு விரலால தேய்ச்சாலே மாவு மாவா வரும்.

"அப்ப நல்லா தண்ணி அடிச்சு ஊற வெச்சிட்டா போச்சு"ன்னு ஒரு யோசனை வரும். எனக்கும் வந்தது. ஆரம்ப காலத்துல ஒரு ஹால் சுவர் முழுக்க ஓஸ் பைப்பால அடிச்சிட்டு உடனே பட்டி போட்டேன். பட்டி சுவர்ல பிடிக்கவே இல்லை, பிளேடோட சேர்ந்து வழுக்குச்சு. குமிழியும் வந்தது! துளையெல்லாம் தண்ணியால நிறைஞ்சிருந்தா, பிளேடுக்கு அடியில மாட்டுற காத்துக்கு உள்ள போக வழியில்லை. பட்டியைத் தூக்கிக்கிட்டு கொப்பளமா நிக்கும். பழைய ஆயில் பெயிண்ட் சுவர்லயும், வழவழப்பான கான்கிரீட் தூண்லயும் கொப்பளம் வர்றது இதனாலதான்.

ஆக, தாகம் கொஞ்சம் இருக்கணும், ஆனா சுவர் முழுக்க ஒரே அளவா இருக்கணும்.

(காட்சி: கையால் சுவரில் தண்ணீர் தெளிக்கிறார்.)

ஒரு கை தண்ணி தெளிச்சுப் பாருங்க. பட்டதும் மாயமா மறைஞ்சா அகோர தாகம். முத்து முத்தா உருண்டு ஓடினா தாகமே இல்லை. மெல்ல இருட்டாகி ஒரு நிமிஷம் ஈரம் நின்னா, சரி. இதை ஒரு இடத்துல மட்டும் பார்க்காதீங்க. மேற்கு வெயில் படுற சுவர், தூணும் செங்கலும் சேர்ற இடம், ஒட்டுப் போட்ட இடம்னு தனித்தனியா பாருங்க. ஒரே சுவருக்கு மூணு வித தாகம் இருக்கும்.

இந்தத் தாகத்துக்கு வேர் பூச்சு வேலையிலயே இருக்கு. பூச்சு முடிச்ச பிறகு குறைஞ்சது 7 நாள் தண்ணி காட்டணும், அதாவது காய விடாம நனைச்சுக்கிட்டே இருக்கணும். அதைச் செய்யலைன்னா சிமெண்ட் முழுசா வேலை செய்யாது, துளைகள் திறந்தபடியே நின்னுடும். அப்படிப்பட்ட சுவர் கடைசி வரைக்கும் தாகமாவே இருக்கும். தண்ணி காட்டி முடிச்சதும் காய விடுங்க, மொத்தமா 28 நாள் போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில இந்தக் கணக்கு இன்னும் நீளும். கொத்தனார்கிட்ட முன்னாடியே ஒண்ணு சொல்லிடுங்க: பட்டி வரப்போற சுவருக்கு வெறும் சிமெண்டைத் தூவி வழவழன்னு தேய்க்க வேண்டாம், ஸ்பாஞ்ச் ஓட்டி விட்டா போதும்.

பட்டி போடுற அன்னிக்கு முதல்ல உப்புத்தாள் போட்டு தூசி தட்டுங்க. தூசி மேல ஒட்டின பட்டி சுவர்ல ஒட்டினதா ஆகாது. அப்புறம் ஸ்பிரேயர்ல பனி மாதிரி தண்ணி. சுவர் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு அடங்கி, ஈர நிறம் மட்டும் நிக்கிற நேரம்தான் பட்டிக்கு நேரம். சித்திரை வெயில்ல அது ரெண்டு மூணு நிமிஷத்துல கடந்து போயிடும். அதனால கைக்கெட்டுற பகுதியை மட்டும் நனைங்க, ஃபேனை நிறுத்துங்க.

முதல் கோட்டுக்கு அழகு வேண்டாம். பிளேடை நிமிர்த்திப் பிடிச்சு, அழுத்தி, சுரண்டுற மாதிரி மெல்லிசா இழுங்க. துளைகள்ல பட்டி அடைச்சு உட்காரணும், அதுதான் வேலை. குமிழியைத் தடுக்கிறது இந்தக் கோட்தான். இது காய்ஞ்ச பிறகு சுவரோட தாகம் ஒரே சீரா இருக்கும், ரெண்டாவது கோட் அமைதியா உட்காரும். ரெண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

(காட்சி: வாளியில் மிக்ஸர்.)

சில குமிழி வாளியிலேயே பிறக்கும். தண்ணியை முதல்ல ஊத்தி பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. மிக்ஸரை மெதுவா ஓட்டுங்க, தலை கலவைக்குள்ள மூழ்கியே இருக்கணும். பத்து நிமிஷம் விட்டுட்டு, கையால ஒரு தடவை கிளறுங்க. தண்ணி அளவுக்கு மூட்டையில அச்சடிச்சதைப் பாருங்க, பக்கத்து வீட்டு பெயிண்டரைக் கேக்காதீங்க.

இவ்வளவுக்கும் மேல குமிழி வந்தா? ஈரத்துலயே திரும்பத் திரும்பத் தேய்க்காதீங்க, இன்னும் காத்துதான் ஏறும். விரலை வெச்சா தடம் விழணும், ஆனா விரல்ல ஒட்டக்கூடாது. அந்தப் பதம் வரட்டும். அப்ப பிளேடை நல்லா படுக்க வெச்சு, அழுத்தி ஒரே இழுப்பு. குமிழி உடைஞ்சு அந்த இடம் மூடிக்கும். காய்ஞ்ச பிறகு கண்ணுல பட்ட ஊசித் துளைக்கு, கொஞ்சம் பட்டியை எடுத்து இறுக்கி வழிச்சு விடுங்க.

(காட்சி: இருட்டறை. சுவரை ஒட்டி டார்ச் வெளிச்சம் பக்கவாட்டில் ஓடுகிறது.)

பெயிண்டுக்கு அடியில பூசுற பிரைமருக்கு முன்னாடி ராத்திரி ஒரு தடவை இப்படி டார்ச் அடிச்சுப் பாருங்க. தெரியிற துளையைப் பென்சில்ல வட்டம் போட்டு வைங்க. பேனா வேண்டாம், மை பெயிண்டைத் தாண்டி ஊறி வந்துடும்.