பிரிட்டனில் நல்ல சைனீஸ் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

அடுத்த கேள்வியை ஷெஃபீல்டிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "அண்ணா, இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டுப் பக்கத்து சைனீஸ் டேக்அவேயில் மூன்று தடவை வாங்கிவிட்டேன். மூன்று தடவையும் சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த கோழிதான் வந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் சீனப் பிள்ளைகள். அவர்கள் இதையெல்லாம் சாப்பிடுவார்களா என்ன? நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறார்.

தம்பி, பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்த வகுப்புப் பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு கடையில் சமைப்பவர் யாரை மனதில் வைத்துச் சமைக்கிறார் என்பது தெரிந்துவிட்டால் பிரிட்டனில் எந்த ஊரிலும் சமாளித்துவிடலாம்.

அதற்காக அந்த டேக்அவேக்காரரைத் திட்டாதீர்கள். அவர் கதை வேறு. 1950களிலும் 60களிலும் வந்தவர்களில் நிறையப் பேர் ஹாங்காங்கின் நியூ டெரிட்டரீஸ் பக்கத்து நெல் விவசாயிகள். தாய்லாந்து அரிசி மலிவாக வந்து இறங்க, நெல் கட்டுப்படியாகாமல் போனது. ஹாங்காங் அப்போது பிரிட்டிஷ் காலனி என்பதால் இங்கே வர வழி இருந்தது. வந்தவர்கள் சொந்தக்காரர் கடையில் பாத்திரம் கழுவி, காசு சேர்த்து, தனிக்கடை போட்டார்கள். ஒருவர் வியாபாரத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் பிரிந்து போனார்கள். பலர் எடுத்து நடத்தியது பழைய ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகளை. சைனீஸ் கடையில் சிப்ஸும் கறி சாஸும் கிடைப்பதற்கு அதுதான் காரணம். பப் மூடியதும் பசியோடு வரும் ஆளுக்கு என்ன பிடிக்கும்? இனிப்பாக, மொறுமொறுப்பாக, எலும்பு இல்லாமல் இருக்க வேண்டும். 'கிரிஸ்பி சீவீட்' என்று ஒன்று தருவார்களே, அதில் கடற்பாசியே கிடையாது. கீரை மாதிரி இருக்கும் கோஸ் இலையை மெல்லியதாக நறுக்கி, எண்ணெயில் பொரித்து, உப்பும் சர்க்கரையும் தூவியது. ஆனால் ஒன்று, லிவர்பூல் பக்கம் போனால் சால்ட் அண்ட் பெப்பர் சிப்ஸ் மட்டும் விட்டுவிடாதீர்கள். சீனாவில் அப்படி ஒன்று இருக்கிறதோ இல்லையோ, டிசம்பர் குளிரில் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுப் புரட்டிய அந்தச் சிப்ஸுக்கு ஈடே இல்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் உங்களுக்குச் சட்டென்று புரியும். இங்கே 'இந்தியன் ரெஸ்டாரண்ட்' என்று போர்டு போட்டிருக்கும் கடைக்குப் போய் இட்லி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள் நடத்தும் கடை, வெள்ளைக்காரர்களுக்காக அவர்களே உருவாக்கிய கறி. அது கெட்ட சாப்பாடு இல்லை, ஆனால் நாம் தேடிப் போனது அதை இல்லையே. 'சைனீஸ்' என்ற போர்டும் அப்படித்தான். சீனாவில் எந்த ஊர்ச் சாப்பாடு என்று கேளுங்கள். சிச்சுவானா, ஹுனானா, சியானா, கான்டனா என்று கடையே பெருமையாகச் சொன்னால் தைரியமாக உள்ளே போகலாம். ஒரே மெனுவில் தாய்லாந்து பச்சைக் கறி, ஜப்பான் சுஷி, சிங்கப்பூர் நூடுல்ஸ் என்று இருநூறு ஐட்டம் இருந்தால் நான் வாசலோடு திரும்பிவிடுவேன்.

இப்போது உங்கள் வகுப்புப் பிள்ளைகள் விஷயம். 2022-23 கல்வியாண்டில் பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் சீனாவிலிருந்து வந்து படித்தவர்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இவர்கள் ஹாங்காங் பக்கத்தவர்கள் இல்லை, சீனாவின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள். வீட்டு நினைப்பு வந்தால் இவர்களுக்குத் தேவை காரம், புளிப்பு, ஆட்டுக்கறி, கையால் இழுத்த நூடுல்ஸ். அவர்களை நம்பியே பல்கலைக்கழகங்களைச் சுற்றிக் கடைகள் முளைத்தன. உங்கள் ஷெஃபீல்டிலேயே லண்டன் ரோடு என்று ஒரு தெரு, அதன் பக்கத்திலேயே நியூ எரா ஸ்கொயர். அங்கே ஒரு சாயங்காலம் சும்மா நடந்து பாருங்கள். மான்செஸ்டரில் ஆக்ஸ்ஃபோர்டு ரோடு பக்கமும் இதே கதைதான்.

கடையின் முகத்தை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நான் லீட்ஸில் இருந்தபோது வாராவாரம் போன கடையைச் சொல்கிறேன். ஆறு மேஜை. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாது. சுவரில் சீன எழுத்தில் கையால் எழுதி ஒட்டிய தாள்கள் தொங்கும், அது எதுவும் ஆங்கில மெனுவில் இருக்காது. முதல் நாள் நான் மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, மெனுவைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "காரம் சாப்பிடுவாயா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். உள்ளே மாவை மேஜையில் ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டது. பியாங் பியாங் நூடுல்ஸ் என்ற பெயரே அந்தச் சத்தத்திலிருந்து வந்தது என்பார்கள். இடுப்பு பெல்ட் அகலத்தில் நூடுல்ஸ். அதன் மேல் மிளகாய்த் தூளும் நறுக்கிய பூண்டும் வைத்து, கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். அந்தச் 'சொய்ங்' சத்தமும் வாசனையும் வந்ததும் எனக்கு எங்கள் வீட்டுத் தாளிப்புக் கரண்டிதான் ஞாபகம் வந்தது. கூடவே சீரகம் போட்டு வதக்கிய ஆட்டுக்கறி. நம் நாக்குக்கு வடமேற்குச் சீனச் சாப்பாடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். லண்டன் போனால் ஆர்சனல் மைதானத்துப் பக்கத்து சியான் இம்ப்ரெஷனில் இந்த நூடுல்ஸும், கேம்பர்வெல்லில் சில்க் ரோடு கடையில் உருளைக்கிழங்கு போட்ட பெரிய தட்டுக் கோழியும் சாப்பிட்டுப் பாருங்கள்.

சிச்சுவான் கடைக்குப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 'நாங்கள் ஆந்திராக் காரமே சாப்பிடுவோம்' என்று வீரம் பேசாதீர்கள். அவர்கள் போடும் சிச்சுவான் மிளகு உறைப்பதில்லை, மரத்துப்போக வைக்கும். பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி உதடு இருக்கும். முதல் தடவை ஏதோ அலர்ஜி என்று பயந்துவிட்டேன். இரண்டாம் தடவையிலிருந்து அது இல்லாமல் சாப்பாடு சப்பென்று இருந்தது.

அப்போ சைனா டவுன் எல்லாம் வீணா என்று கேட்பீர்கள். அப்படி இல்லை, ஆனால் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. லிவர்பூலில் 1866இல் ப்ளூ ஃபனல் என்ற கம்பெனியின் கப்பல்கள் சீனாவுக்குப் போய்வர ஆரம்பித்தன. கப்பலில் வேலை பார்த்த சீன மாலுமிகள் அங்கே தங்க, ஐரோப்பாவிலேயே பழைய சீனக் குடியிருப்பு உருவானது. நெல்சன் தெருவில் 2000ஆம் ஆண்டு வைத்த அலங்கார வளைவு அவ்வளவு அழகு. ஆனால் வளைவைத் தாண்டி உள்ளே போனால் தெரு அமைதியாகத்தான் இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் ஃபோக்னர் தெரு வளைவு 1987இல் வந்தது, அங்கே இன்னும் கூட்டம் அலைமோதுகிறது. பர்மிங்ஹாமில் ஹர்ஸ்ட் தெருப் பக்கம் போங்கள். விங் யிப் என்ற பெரிய சீன மளிகைக் கடை 1970இல் தொடங்கியதும் அந்த ஊரில்தான். லண்டன் ஜெரார்டு தெருவில் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடைக்கு மட்டும் போகாதீர்கள். ஒரு ஊரில், ஊர் பெயர் வேண்டாம், அப்படி இழுத்த கடையில் 'எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு' பஃபேக்கு உட்கார்ந்தேன். விளக்குக்கு அடியில் காலையிலிருந்து காய்ந்த சோறு, எல்லாத் தட்டிலும் ஒரே சிவப்புச் சாறு. இரண்டு நாள் வயிறு பேசவில்லை.

சைனா டவுனில் தேட வேண்டியது கான்டனீஸ், அதாவது தென் சீனா, ஹாங்காங் பக்கத்துச் சாப்பாடு. வாத்தும் பன்றியும் தேன் நிறத்தில் கண்ணாடிக்குள் தொங்கும். மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குப் போனால் அன்றைக்குச் சுட்டது கிடைக்கும். திம்சம் என்ற சின்னச் சின்னத் தட்டுப் பலகாரங்கள் என்றால் சனி, ஞாயிறு மதியம். அது பகல் சாப்பாடு. தாத்தா பாட்டி, பேரன் பேத்தி என்று மூன்று தலைமுறை வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சத்தம் போடும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். டீ தீர்ந்தால் ஆளைக் கூப்பிட வேண்டாம், கெட்டில் மூடியைச் சாய்த்து வையுங்கள், நிரப்பிவிட்டுப் போவார்கள்.

புதிதாக இன்னொரு கூட்டமும் வந்திருக்கிறது. 2021 ஜனவரி கடைசியில் ஹாங்காங்காரர்களுக்கென்று தனி விசா திறந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் சைனா டவுனில் தங்கவில்லை, நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் புறநகர்களாகப் பார்த்துப் போனார்கள். லண்டன் பக்கம் சட்டன், மான்செஸ்டர் பக்கம் சேல், ஆல்ட்ரிங்கம். அதனால் ஹாங்காங் பாணி டீக்கடை சாப்பாடு இப்போது இந்த மாதிரி இடங்களிலும் கிடைக்கிறது. அந்தப் பால் டீ நம் டீக்கடைக்காரர்களே மெச்சும் அளவுக்கு ஸ்ட்ராங்காக இருக்கும்.

சைவக்காரர்கள் கொஞ்சம் கவனம். டோஃபு, பீன்ஸ் என்று மெனுவில் பார்த்து நம்பிவிடாதீர்கள். மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி இருக்கும். வறுத்த பீன்ஸிலும் பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறி இருக்கும். என் நண்பர் ஒருவர், ஏகாதசி கூட விடாதவர், பாதித் தட்டு முடித்த பிறகுதான் கேட்டார். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லாமல் கறி வேண்டாம், ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம், எலும்புச் சாறு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஹலால் வேண்டுபவர்கள் லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். அது சீன முஸ்லிம்களின் சாப்பாடு, ஆனால் இங்கே எல்லாக் கடையும் ஹலால் இல்லை. கோபி மஞ்சூரியன் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள், அதற்கு வெம்ப்ளி பக்கம் நம்மவர்கள் கடைக்குப் போக வேண்டும்.

கூகுள் மதிப்பெண்ணை நான் அவ்வளவு நம்புவதில்லை. 'சிரிக்கவே இல்லை, எலும்போடு கறி கொடுத்தார்கள்' என்று ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். நமக்கு அது நல்ல செய்தி. மதிப்பெண்ணை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் போட்ட சாப்பாட்டுப் போட்டோக்களைப் பாருங்கள். சுகாதார மதிப்பெண் மட்டும் வேறு விஷயம், பச்சை-கறுப்பு ஸ்டிக்கரில் 0 முதல் 5 வரை இருக்கும். வேல்ஸில் அதை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஒட்டவில்லை என்றால் இணையத்தில் தேடிப் பாருங்கள், மூன்றுக்குக் கீழே இருந்தால் எவ்வளவு ருசியாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். சீன மாணவர்கள் கடை தேடப் பார்ப்பது ஷியாவ்ஹாங்ஷு என்ற சீனச் சமூக ஊடக ஆப். வீட்டுக்கு வரவழைக்க ஹங்ரி பாண்டா, 2017இல் நாட்டிங்ஹாமில் ஆரம்பித்த ஆப், ஆங்கிலத்திலும் உண்டு.

ஆனால் தம்பி, ஆப்பெல்லாம் அப்புறம். திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம், "உன் ஊர் எது, அந்த ஊர்ச் சாப்பாடு இங்கே எங்கே கிடைக்கும்?" என்று கேளுங்கள். சொந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பேசாத ஆள் உலகத்தில் உண்டா? கூட்டிக்கொண்டே போய்விடுவார். ஆர்டரை அவரிடம் விட்டுவிடுங்கள், பில்லில் உங்கள் பங்கை மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள். எந்தக் கடை என்று கீழே கமெண்டில் எழுதுங்கள், மார்ச்சில் நான் ஷெஃபீல்டு வருகிறேன்.