முகம் தெரியாத எதிராளி

நேயர்களுக்கு வணக்கம். ஸ்குவாஷ் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் சாதாரண ஆட்டக்காரர் அதற்கு எப்படித் தயாராவது என்று பேச வந்திருக்கிறேன். ஸ்குவாஷை நேரில் பார்த்திராதவர்களுக்காக முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு சுவர் கொண்ட ஓர் அறை. நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நடுவில் வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு முன்சுவரில் மாறி மாறி ராக்கெட் மட்டையால் பந்தை அடிக்க வேண்டும். பந்து தரையில் இரண்டாவது முறை படுவதற்குள் எடுத்துவிட வேண்டும். முன்சுவரின் அடியில் 48 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தகரம் அடித்திருக்கும். அதில் பந்து பட்டால் டங்கென்று சத்தம் வரும், புள்ளி எதிராளிக்குப் போய்விடும். 11 புள்ளிக்கு ஒரு கேம். 10-10 என்று வந்தால் இரண்டு புள்ளி முன்னால் போகிறவருக்குக் கேம். ஐந்தில் மூன்று கேம் எடுத்தால் மேட்ச். அவ்வளவுதான்.

சென்னைக்கு இந்த ஆட்டம் புதிதில்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பெண்கள் இரட்டையர் தங்கம் வாங்கிய ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் இந்த ஊர்க்காரர்கள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆண்கள் அணி இறுதி ஆட்டம் நடந்தது. கடைசி மேட்சின் ஐந்தாவது கேமில் 8-10 என்று பின்தங்கியிருந்து 12-10 என்று முடித்தாரே அபய் சிங், அவரும் சென்னைதான். அதற்கு அடுத்த மாதமே மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்த்துக்கொண்டது.

நான் பேச வந்தது அவர்களைப் பற்றி அல்ல. காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, வருடத்தில் இரண்டு மூன்று போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் என்னைப் போன்றவர்களைப் பற்றி. 35 வயது தாண்டியவர்களை ஐந்தைந்து வயதாகப் பிரித்து மாஸ்டர்ஸ் என்று நடத்துகிறார்கள். கிளப்புகளும் தங்களுக்குள் போட்டி வைக்கின்றன. பரிசாக ஒரு கோப்பையும் ஒரு டீ-சர்ட்டும் கிடைக்கும். ஆனால் முதல் சுற்று அன்று காலையில் வயிற்றைக் கலக்குவது என்னவோ உலகக் கோப்பைக்குப் போகிறவனுக்குக் கலக்குவது மாதிரிதான்.

ஏன் அப்படிக் கலக்குகிறது? கிளப்பில் நாம் வருடக்கணக்காக அதே நாலு பேருடன்தான் ஆடுகிறோம். ஒரே வீட்டில் இருபது வருடம் குப்பை கொட்டிய மாமியார் மருமகள் போல, அடுத்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன வரும் என்று தெரியும். அவர் பேக்ஹேண்டில், அதாவது ராக்கெட் பிடிக்காத கைப் பக்கத்தில், தடுமாறினால் மூலைக்கு மூலை அடிப்பார், களைத்துவிட்டால் முன்சுவரை ஒட்டி விழும்படி மெல்லத் தட்டி டிராப் போடுவார். நாம் முன்னாலேயே அங்கே போய் நிற்கிறோம். அதை நம்முடைய வேகம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது வேகமில்லை, பழக்கம். போட்டியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத ஆள். அவர் பந்து எங்கே வரும் என்று தெரியாது. இரண்டாவது கேமிலேயே மூச்சு வாங்கும். அதனால் போட்டிக்கான தயாரிப்பு என்பது பெரும்பாலும் தெரியாத ஆளுடன் ஆடுவதற்கான தயாரிப்புதான்.

எனவே பெயர் கொடுத்த அன்றிலிருந்தே வேறு ஆட்களைத் தேடிப் பிடித்து ஆடுங்கள். இடதுகை ஆட்டக்காரர் யாராவது இருந்தால் விடாதீர்கள். வலதுகைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் என்று நாம் பழக்கத்தில் தள்ளும் பந்தெல்லாம் அவருக்கு ஃபோர்ஹேண்டில் போய் விழும். கிளப்பில் பயிற்சி எடுக்கும் 15 வயதுப் பையன்களிடமும் கேளுங்கள். அடித்துத் துவைப்பார்கள், அங்கிள் அங்கிள் என்று மரியாதையாகவே துவைப்பார்கள். நல்லதுதான்.

தனியாக ஆடும் பயிற்சி ஒன்று இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது அதுதான், ஆனால் பலரும் அலுப்பு என்று ஒதுக்குகிறார்கள். கோர்ட்டில் தனியே நின்று, பக்கச் சுவரை ஒட்டிப் பந்தை நேராக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்து பின்மூலையில் போய்ச் சாக வேண்டும். ஸ்குவாஷில் இதற்கு லெங்த் என்று பெயர். எதிராளி யாராக இருந்தாலும் பின்மூலை பின்மூலைதான். இந்த ஒரு அடிக்கு அவரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், நம் தரத்துப் போட்டிகளில் ஜெயிப்பவர் பிரமாதமான டிராப் போடுபவர் அல்ல, அலுக்காமல் இன்னொரு லெங்த் அடிப்பவர்.

சர்வீஸும் அப்படித்தான். எதிராளி தொடாமல் முழுக்க நம் கையில் இருக்கும் ஒரே அடி அது. அதை ஏதோ ஆட்டத்தைத் தொடங்கும் சடங்கு மாதிரி தட்டிவிடுகிறோம். உயரமாக எழும்பி, பக்கச் சுவரை உரசி, பின்னால் செங்குத்தாக விழும் லாப் சர்வீஸைப் பழகிக்கொண்டால் புதியவர்கள் திணறுவார்கள். ஆனால் புதுக் கோர்ட்டுக்குப் போனதும் ஒரு முறை தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரையோ விளக்கோ தாழ்வாக இருந்தால், அதில் பட்ட பந்து அவுட்.

உடம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்குவாஷில் இதயத் துடிப்பு உச்சத்துக்கு அருகில் ஏறி, நீண்ட நேரம் அங்கேயே நிற்கும். உடம்பைத் தேற்றுவதற்காக ஸ்குவாஷ் ஆடாதே, ஸ்குவாஷ் ஆடுவதற்காக உடம்பைத் தேற்று என்று இந்த ஆட்டத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நெஞ்சில் சின்ன அசௌகரியம் தெரிந்தாலும் அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும், எந்த ஸ்கோரில் இருந்தாலும் சரி. அப்புறம் கண். பந்தின் விட்டம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். கண்குழிக்குள் அப்படியே போய் உட்காரும் அளவு அது. ஜூனியர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெரியவர்களான நாம்தான் அழகு பார்த்துக்கொண்டு போடாமல் நிற்கிறோம்.

பந்து இல்லாமல் கோர்ட்டின் ஆறு இடங்களுக்கு ஓடி, குனிந்து, ராக்கெட்டை வீசிவிட்டு நடுவுக்குத் திரும்புவதை கோஸ்டிங் என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். முக்கால் நிமிடம் ஓட்டம், முக்கால் நிமிடம் ஓய்வு என்று வாரம் இரண்டு நாள் செய்தால் போதும். போட்டிக்கு முந்தைய மூன்று நாட்களில் இதை விட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் புதிதாகத் தேற்றிக்கொள்ள எதுவும் இல்லை, தசையைப் பிடித்துக்கொள்ளத்தான் வாய்ப்பு.

கோர்ட்டும் ஒரு தெரியாத ஆள்தான். ஸ்குவாஷ் பந்து குளிர்ந்திருக்கும்போது களிமண் உருண்டை மாதிரி கிடக்கும், அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் எழும்பும். போட்டிகளில் பயன்படும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து இந்த விஷயத்தில் ரொம்பவே கஞ்சன். ஏசி போட்ட கோர்ட்டில் அது தாழ்வாகவே வரும், டிராப் போட்டால் அங்கேயே அடங்கிவிடும். மே மாதம் ஏசி இல்லாத சென்னைக் கோர்ட்டில் அதே பந்து துள்ளிக்கொண்டு திரியும். நீங்கள் போட்ட டிராப்பை எதிராளி சாவகாசமாக நடந்து வந்து எடுப்பார். போதாக்குறைக்கு மழைக்காலத்தில் சுவரே வியர்த்துவிடும். ஈரச் சுவரில் பட்ட பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே முடிந்தால் முந்தின நாளே போய் அந்தக் கோர்ட்டில் கால் மணி நேரம் ஆடிப் பாருங்கள். அனுமதி கிடைக்கவில்லையா, அங்கே நடக்கும் ஒரு மேட்சையாவது உட்கார்ந்து பாருங்கள். டிராப் எடுபடுகிறதா இல்லையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பையில் என்ன வைப்பது? இரண்டு ராக்கெட், ஏனென்றால் நரம்பு அறுந்தால் அறுந்ததுதான். மூன்று சட்டை, இரண்டு துண்டு, ஒரு புதுக் கிரிப். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாவது கேமில் கைப்பிடி நழுவும். கோர்ட்டுக்கு மட்டும் போடும், தரையில் தடம் பதிக்காத ஷூ. சாப்பாட்டில் புரட்சி வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி, வேண்டுமானால் ஒரு வாழைப்பழம். குடிப்பதற்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு.

சரி, பெயரைக் கூப்பிட்டாயிற்று. முதலில் நான்கைந்து நிமிடம் இருவரும் சேர்ந்து பந்தைச் சூடேற்ற வேண்டும். பாதி நேரம் ஒரு பக்கம், பிறகு இடம் மாறி மறுபக்கம். முகம் தெரியாத ஆளைப் படிப்பதற்கு நமக்குக் கிடைப்பது இந்த நேரம் மட்டும்தான். பெரும்பாலானோர் இதை வீணாக்குகிறார்கள், தன் ஆட்டத்தின் அழகைக் காட்டுவதில் கழித்துவிடுகிறார்கள். உயரமாக ஒரு பந்து கொடுத்துப் பாருங்கள், அந்தரத்திலேயே வாலி அடிக்கிறாரா, பின்வாங்கி விடுகிறாரா? பேக்ஹேண்ட் மூலையில் ஆழமாக ஒன்று போடுங்கள், நேராகத் திருப்புகிறாரா, பக்கச் சுவரில் அடித்துச் சமாளிக்கிறாரா? பின்வாங்குகிறவருக்கு லாப் சர்வீஸ், சமாளிக்கிறவருக்கு அந்த மூலையே திரும்பத் திரும்ப. இந்த இரண்டு பதில் கிடைத்தாலே முதல் கேமுக்குப் போதும்.

கிளப்பில் வராத ஒரு சிக்கல் போட்டியில் வரும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஓடுவதால் ஒருவருக்கொருவர் குறுக்கே வருவது சகஜம். கிளப்பில் இதற்கு ஒரே தீர்வு, ‘விடுப்பா, மறுபடி ஆடலாம்’. போட்டியில் மூன்று தீர்ப்பு உண்டு. உண்மையாகவே இடைஞ்சல், ஆனால் அடித்திருந்தாலும் புள்ளி நிச்சயமில்லை என்றால் லெட், அதாவது மறுபடி ஆட்டம். நேராக முன்சுவருக்கு அடிக்கும் பாதையில் எதிராளி நின்றுவிட்டால் ஸ்ட்ரோக், புள்ளி நமக்கு. எட்டவே முடியாத பந்துக்கு ஓடிவந்து முறையிட்டால் நோ லெட், புள்ளி போயிற்று. நட்புக்காக லெட் கொடுத்தே வளர்ந்தவர்கள் போட்டியில் ஸ்ட்ரோக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாதீர்கள். ஆனால் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எதுவானாலும் வாயை மூடிக்கொண்டு சர்வீஸ் கட்டத்துக்கு நடங்கள். தீர்ப்பை நினைத்துக்கொண்டே ஆடுகிறவர் அடுத்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்தே இழப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. நம் தரத்துப் போட்டிகளில் நடுவர் என்று தனியாக ஆள் பெரும்பாலும் இருக்கமாட்டார். பல இடங்களில், தோற்றவர் அங்கேயே இருந்து அடுத்த மேட்சுக்கு நடுவராக உட்கார வேண்டும். அப்போதுதான் 9-11 என்று ஐந்தாவது கேமைத் தோற்றுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பார். கையில் ஸ்கோர் தாளையும் பேனாவையும் திணித்துவிடுவார்கள். உடனே வீட்டுக்குப் போகத் தோன்றும் அந்த நேரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்வதைவிடப் பெரிய சோதனை இந்த ஆட்டத்தில் இல்லை. ஆனால் பலனும் உண்டு. பின்சுவருக்கு மேலிருந்து பார்க்கும்போதுதான், உள்ளே நின்றால் தெரியாத ஒன்று தெரியும்: எந்த நேரத்தில் ஓர் ஆட்டக்காரர் நடுவுக்குத் திரும்பாமல் நின்றுவிடுகிறார், எந்தப் புள்ளியில் மூச்சு விட்டுப்போகிறது என்பதெல்லாம். விதிப் புத்தகத்தையும் போட்டிக்கு முன்னாலேயே ஒருமுறை புரட்டிவிடுங்கள், ஆடுவதற்காக இல்லாவிட்டாலும் இந்த நாற்காலிக்காக.

கேம்களுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு நிமிடம் கிடைக்கும். வெளியே வந்ததும் நாலு நண்பர்கள் நாலு யோசனை சொல்வார்கள். ஒருவரை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், அவரும் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு.

கடைசியாக, போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் அட்டவணை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாக்-அவுட் மட்டும் என்றால் முதல் சுற்றில் தோற்றவருக்கு அன்றோடு வேலை முடிந்தது. முதல் சுற்றில் தோற்றவர்களுக்குப் பிளேட் என்று தனிப் பிரிவு வைப்பவர்கள் உண்டு. மொன்ராட் என்ற முறையில் தோற்றவர்கள் தோற்றவர்களோடு தொடர்ந்து ஆடி, கடைசி இடம் வரை தீர்மானிப்பார்கள். முதல் முறை போகிறவர்கள் மொன்ராட் போட்டியையே தேடிப் பிடியுங்கள். முதல் மேட்ச் தோற்றாலும் முகம் தெரியாத இன்னும் இரண்டு மூன்று பேருடன் ஆடக் கிடைக்கும். பிளேட் ஆட்டத்துக்குக் காத்திருக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புபவர்கள் உண்டு. மறுநாள் காலை அவர்கள் கிளப்பில் அதே நாலு பேருடன்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.