மஞ்சள் ஜேர்சியை விட்டுக்கொடுத்தவர்

(கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், துவிச்சக்கர வண்டி ஓட்டப் போட்டிக்கு முதல்நாள் மாலை பேசியது)

தலைவர் அவர்களே, நாளைக்கு ஓடப் போகிற பிள்ளைகளே, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

பரிசளிப்பு நேரத்தில் பேசச் சொல்லித்தான் என்னை முதலில் கேட்டார்கள். முதல்நாளே பேசுகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். பரிசு கொடுத்து முடிந்த பிறகு சொன்னால் இந்தக் கதைக்குப் பிரயோசனம் குறைவு.

நேற்றுப் பின்னேரம் சந்திக் கடையடியில் நின்றேன். நாளைக்கு யார் வெல்லுவார் என்று கதை நடந்தது. மூன்று பெயர்களைச் சொன்னார்கள். மூவரும் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள், நல்ல ஓட்டக்காரர்கள், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். "அவையள் சும்மா கணக்குக்கு ஓடுகினம் சேர்" என்றார் ஒருவர். அந்தச் சொல் இரவு முழுக்க என் காதில் கிடந்தது. கணக்குக்கு ஓடின ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

அவருடைய பெயர் ரொஜே வால்கோவியாக். பிரான்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் மோன்லுசோன் என்று ஒரு ஆலை நகரம் இருக்கிறது. 1927இல் அங்கே பிறந்தவர். தகப்பன் போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். இங்கே அரைவாசிப் பேருக்குப் பாரிசில் சித்தப்பாவோ மாமியோ இருப்பார்கள், ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கிற குடும்பம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

டூர் டி பிரான்ஸ் என்ற பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது ஒரு நாள் ஓட்டம் இல்லை. மூன்று கிழமைக்கு மேல், நாளுக்கு ஒரு கட்டமாக ஓட வேண்டும். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவர்தான் அன்றைக்கு முதல் ஆள், அவருக்கு மஞ்சள் ஜேர்சி. 1956ஆம் ஆண்டு ஓடிய தூரம் ஏறத்தாழ 4,500 கிலோமீற்றர். நம்முடைய ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீற்றர் வரும். அதைப் பதினான்கு தரம் ஓடுவதாக நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் கம்பனி அணிகள் டூருக்கு வருவதில்லை. நாட்டு அணிகளும், பிரான்சின் பிரதேச அணிகளும்தான் வரும். பெரிய பெயர்கள் எல்லாம் பிரான்சின் தேசிய அணிக்குப் போகும். மிச்சம் இருப்பவர்களைப் பிரதேச அணிகள் எடுத்துக்கொள்ளும். வால்கோவியாக் இருந்தது "வடகிழக்கு - மத்தி" என்ற பிரதேச அணியில். பெயரைக் கேட்டதுமே எனக்கு அந்த அணியோடு ஒரு சொந்தம் வந்துவிட்டது.

முந்தைய மூன்று ஆண்டுகளும் வென்ற லூயிசோன் பொபே அந்த முறை ஓடவில்லை. அதனால் யாருக்கும் வாய்ப்பு இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அந்த "யாருக்கும்" என்பதற்குள் வால்கோவியாக்கை ஒருவரும் சேர்க்கவில்லை. அதற்கு முதல் வருடம் டோஃபினே என்ற மலைப் பந்தயத்தில் அதே பொபேக்கு அடுத்ததாக இரண்டாவது வந்தவர் அவர். அதை மறந்துவிட்டார்கள்.

ஏழாம் நாள், லோரியாங் நகரத்திலிருந்து ஆஞ்சே நகரத்துக்கு ஓட்டம். 31 பேர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னே போனார்கள். வால்கோவியாக்கும் அதில் ஒருவர். முடிவுக் கோட்டில் அவர்களுக்கும் பின்னால் வந்த பெரிய கூட்டத்துக்கும் இடையில் 18 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம்.

பதினெட்டு நிமிடம் எப்படி வரும்? இதை விளங்க ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பரந்தனிலிருந்து முறிகண்டிக்கு மிதித்துப் பாருங்கள். தனியே மிதித்தால் நெஞ்சில் கைவைத்து யாரோ பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி இருக்கும். முன்னால் ஒரு சைக்கிள் போனால், அதன் பின்சில்லோடு ஒட்டிப் போகிறவருக்குப் பாதிக் காற்றுத்தான். 31 பேர் மாறி மாறி முன்னுக்கு வந்து காற்றை வாங்கினால் எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கும். பின்னால் நிற்கிற பெரிய கூட்டத்தில் நிலைமை வேறு. "நான் ஏன் காற்றை வாங்க வேண்டும், அவன் வாங்கட்டும்" என்று ஒவ்வொரு அணியும் மற்ற அணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அந்தப் பதினெட்டு நிமிடம்.

அன்று மாலை மஞ்சள் ஜேர்சி வால்கோவியாக்கின் முதுகுக்கு வந்தது. இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த அணியின் பொறுப்பாளர் சோவர் துக்காசோ. அவர் வால்கோவியாக்கிடம் சொன்ன யோசனை, இந்த ஜேர்சியைப் போகவிடு என்பது.

யோசித்துப் பாருங்கள். வாழ்க்கையில் ஒரு தரம் கிடைத்த ஜேர்சி. ஆனால் அதைப் போட்டிருப்பவரின் அணிதான் நாள் முழுக்க முன்னால் நின்று காற்றை வாங்க வேண்டும், தப்பி ஓடுகிறவர்களைத் துரத்த வேண்டும். சின்னப் பிரதேச அணி அப்படி இரண்டு கிழமை நின்றால் மலை வரும்போது கால்களில் ஒன்றும் மிஞ்சாது. ஜேர்சியை இன்னொருவர் சுமக்கட்டும், நேரத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம் என்பது கணக்கு. வால்கோவியாக் கேட்டார். மூன்று நாளில் ஜேர்சி கைமாறியது. வோர்ட்டிங், தாரிகாட், அட்ரியான்சென்ஸ், வாக்ட்மான்ஸ் என்று ஒவ்வொருவராக அதைப் போட்டுக் கழற்றினார்கள். பத்திரிகைகள் அவரை மறந்தன. அவர் மட்டும் எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். இதைப் போல அழகான கணக்கு ஒன்றை விளையாட்டில் நான் கண்டதில்லை.

பதினெட்டாம் நாள், இத்தாலியின் தூரின் நகரத்திலிருந்து பிரான்சின் கிரனோபிளுக்கு. அல்ப்ஸ் மலையைக் கடக்க வேண்டும். மோன் செனி, குருவா து ஃபேர் என்ற இரண்டு கணவாய்களும் 2,000 மீற்றருக்கு மேல், நுவரெலியா நகரத்தைவிட உயரம். வன்னியில் நமக்கு ஏற்றம் என்றால் இரணைமடு அணைக்கட்டில் ஏறுவதுதான். ஆனால் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களும் இந்த மண்டபத்தில் இருக்கின்றன. கொழுந்துக் கூடையோடு ஏறிய அம்மாமாரைக் கேளுங்கள், ஏற்றம் மனிதரை என்ன செய்யும் என்று சொல்லுவார்கள்.

அன்றைக்கு மலையேற்றத்தில் உலகத்திலேயே பெரியவர்களான இரண்டு பேர் ஓடினார்கள். லக்சம்பேர்க் நாட்டு ஷார்லி கோல், ஸ்பெயினின் பெடரிக்கோ பகமோந்தெஸ். அன்றைய கட்டத்தைக் கோல் வென்றார். ஜேர்சியோடு வந்த வாக்ட்மான்ஸ் பின்தங்கிவிட்டார். வால்கோவியாக்கோ முன்னணிக்காரரோடு நின்று பிடித்தார். கிரனோபிளில் மஞ்சள் ஜேர்சி திரும்ப அவரிடம் வந்தது. இந்த முறை அவர் அதைக் கழற்றவில்லை. பாரிஸ் வரை கொண்டுபோனார். பிரான்சின் தேசிய அணியைச் சேர்ந்த ஜில்பேர் போவான் இரண்டாவது. வித்தியாசம் 1 நிமிடம் 25 விநாடி. மூன்று கிழமையில் ஒரு நாள்கூட அவர் முதலாவதாகக் கோட்டைக் கடக்கவில்லை. ஆனாலும் மொத்தத்தில் அவர்தான் முதல்.

சரி, இவ்வளவும் நடந்த பிறகு அவரைத் தலையில் தூக்கி வைத்தார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. பாரிசில் வரவேற்பு சப்பென்று இருந்தது. பெரிய பெயர் வெல்லவில்லை என்ற மனக்குறை சனத்துக்கு. அதோடு விட்டார்களா? "வால்கோ மாதிரி" வெல்லுவது என்று பிரெஞ்சில் ஒரு சொல்வழக்கே உண்டாக்கிவிட்டார்கள். தகுதியில்லாமல் அதிர்ஷ்டத்தில் வெல்லுவதற்கு அந்தப் பெயர். ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை எடுத்து, அதிலிருந்து ஒரு நக்கல் சொல்லைச் செய்திருக்கிறார்கள். இதை முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. அந்த வருடத்து டூரின் சராசரி வேகம் மணிக்கு 36 கிலோமீற்றருக்கு மேல். அதுவரை நடந்த எந்த டூரும் அந்த வேகத்தில் ஓடப்படவில்லை. அதிர்ஷ்டம் சைக்கிள் மிதிக்குமா?

வால்கோவியாக் பிறகு மோன்லுசோனுக்கே திரும்பி ஆலையில் லேத் மெஷினில் வேலை செய்தார். நெடுங்காலம் அந்த வெற்றியைப் பற்றிக் கதைக்கவே அவர் விரும்பவில்லை.

இந்தக் கதை என்னை ஏன் இவ்வளவு வருத்துகிறது என்றும் சொல்ல வேண்டும்.

1990களில், எண்ணெய் வராத காலம். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நெல் மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போயின. நான் படிப்பித்த கிராமத்தில் பொங்கலுக்கு ஒரு சைக்கிள் ஓட்டம் வைத்தோம். வெல்லுவார்கள் என்று எல்லோரும் சொன்ன இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்தே ஓடினார்கள். காட்டு விறகு கட்டி விற்கிற ஒரு பெடியன், கரியரையும் மட்காட்டையும் கழற்றிய பழைய சைக்கிளில் முன்னே போனான். அவனை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்து கோட்டைக் கடந்தான். எவர்சில்வர் குடம் ஒன்று பரிசு. கொடுத்தது நான். கொடுக்கும்போது, "தம்பி, உனக்கு இன்றைக்கு நல்ல நேரம்" என்று சொன்னேன்.

அவன் குடத்தை வாங்கினான், ஒன்றும் பேசவில்லை. சிரித்த முகம் சிரிக்காமல் போனதை மட்டும் கண்டேன். ஒவ்வொரு நாளும் அவன் தன் எடைக்கு மேல் விறகை ஏற்றி, மணல் பாதையில் இருபது கிலோமீற்றர் மிதிக்கிறவன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நல்ல நேரம் என்று சொன்னேன். அடுத்த பொங்கல் ஓட்டத்துக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை.

வால்கோவியாக்குக்கு மட்டும் நடந்ததல்ல இது. கொலம்பியாவின் லூயிஸ் ஹெரேரா பூந்தோட்ட வேலை செய்தவர். 1987இல் ஸ்பெயினின் பெரிய பந்தயமான வுவெல்ட்டாவை வென்றார், அப்படியான பந்தயத்தை வென்ற முதல் தென்னமெரிக்கர். கடைசி நாட்களில் முன்னணியில் இருந்த ஷோன் கெலி உடல் உபாதையால் விலக நேர்ந்தது. உடனே அங்கேயும் அதிர்ஷ்டக் கதை எழும்பியது. கோவதோங்கா மலையில் ஹெரேரா எல்லோரையும் பிரித்துவிட்டு ஏறியதை அந்தக் கதை சொல்லவில்லை.

வால்கோவியாக் 2017 பெப்ரவரியில், 89 வயதில் இறந்தார். அப்போது உயிரோடிருந்த டூர் வெற்றியாளர்களில் மூத்தவர் அவர்தான்.

இனி நாளைய விஷயம். காலை ஆறு மணிக்குக் குளக்கட்டடியில் தொடக்கம், வெயில் ஏற முன் முடித்துவிடுவோம். பிறேக் கட்டையை இன்றிரவே பாருங்கள், காற்றை இறுக்கமாக அடித்துக்கொண்டு வாருங்கள். முறிகண்டிப் பக்கம் திரும்புகிற இடத்தில் நான் தேசிக்காய்த் தண்ணீரோடு நிற்பேன். முதலாவது வருகிறவருக்கும் கடைசியாக வருகிறவருக்கும் உண்டு. கையில் ஒரு கொப்பியும் வைத்திருப்பேன். யார் எந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடக்கிறீர்கள், யார் காற்றை வாங்கினீர்கள், யார் பின்னால் ஒளிந்தீர்கள், எல்லாவற்றையும் எழுதுவேன். பின்னேரம் பரிசு கொடுக்கும்போது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பேசுவேன்.