முன்னிலையில் இருக்கும்போது வரும் பயம்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

பனிக்கட்டியின் மேல் ஆடப்படும் ஹொக்கியைப் பற்றித் திருகோணமலையில் பேசவேண்டிய தேவை என்ன என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நமக்குப் பனிக்கட்டி என்றால் கடலுக்குப் போகும் படகுகளில் மீனுக்காக ஏற்றப்படும் ஐஸ் கட்டிதான். ஆயினும் கனடாவில் ஓர் உறவினராவது இல்லாத குடும்பத்தை நம் ஊரில் தேடித்தான் காணவேண்டும். அந்த உறவினரின் பிள்ளைகள் ஏப்ரல் மாதம் வந்துவிட்டால், அழைப்பெடுத்ததும் முதலில் சொல்வது ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் நிலைமையைத்தான். பாடசாலையில் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்ற நான், 2013 ஆம் ஆண்டில் ஸ்காபரோவிலுள்ள தங்கையின் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது அந்த அணியின் ரசிகன் ஆனேன். அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், கோடை நேரக் கணக்கில், இங்கே அதிகாலை நாலரை மணிக்கு வருகிறது. கோணேசர் மலைப்பக்கம் இன்னும் இருட்டாக இருக்கும் அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

விதிகள் முழுவதையும் விளக்குவதற்குப் படம் வரைந்து காட்டவேண்டும். வானொலியில் அது ஆகாது. கோல்காப்பாளருடன் சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பந்துக்குப் பதிலாக, கடலை வடை ஒன்றின் அகலமும் பருமனும் உள்ள கெட்டியான ரப்பர் வட்டு. அது துள்ளாமல் வழுக்கிச் செல்லவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னர் அதனையும் குளிரில் உறையவைக்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தேசிய ஹொக்கிச் சங்க அணிகள் ஆண்டுதோறும் போட்டியிடும் ஸ்டான்லி கிண்ணத்தை வெல்வதற்கு நான்கு சுற்றுகளைக் கடக்கவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஆக மொத்தம் 16 வெற்றிகள் வேண்டும்.

ரொறன்ரோ அந்தக் கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967 ஆம் ஆண்டு மே மாதத்தில். அன்று தேசிய ஹொக்கிச் சங்கத்தில் இருந்தவை ஆறே அணிகள். இன்று 32 அணிகள் இருக்கின்றன. அந்த வெற்றியைக் கண்டவர்கள் இன்று முதியவர்கள். பலர் இப்போது இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அவர்களோடு பின்னாளில் வந்து சேர்ந்த நம்மவர்களும், காணாத ஒரு காட்சிக்காக ஆண்டுதோறும் காத்திருக்கிறார்கள்.

நான் இன்று வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ரசிகருக்குப் பயம் இல்லை. அவருக்கு இருப்பது கவலை. பயம் என்பது முன்னிலையில் இருப்பவருக்கே உரியது. ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் நின்று உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நம் அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கையில் கடைசிப் பத்து நிமிடங்கள் எவ்வளவு நீளமானவை என்பதை எந்தக் கடிகாரமும் காட்டுவதில்லை.

ஹொக்கியில் இந்தப் பயத்துக்குத் தனியான ஒரு காரணமும் உண்டு. பின்தங்கிய அணி கடைசி ஓரிரு நிமிடங்களில் தன் கோல்காப்பாளரையே வெளியே அழைத்துக்கொண்டு, அவருடைய இடத்தில் ஆறாவது தாக்குதல் வீரரை இறக்கிவிடும். ஒரு கோலால் தோற்றாலும் மூன்று கோலால் தோற்றாலும் தோல்வி தோல்விதானே என்பது அவர்களின் கணக்கு. அவர்களுடைய கோல் கம்பங்களுக்கிடையே காவல் இல்லை, ஆனால் நம் பக்கத்திலோ ஆறு பேர் சூழ்ந்து நிற்கிறார்கள். வெற்றிக்கு மிக அருகில் வந்த அந்த நேரமே ஆட்டத்தில் மிகவும் ஆபத்தான நேரம் ஆகிவிடுகிறது.

அந்த 2013 மே 13 ஆம் திகதி இரவை நான் மறக்கமாட்டேன். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதிபெற்றிருந்த ரொறன்ரோ, பொஸ்டன் அணியிடம் 3-1 என்று பின்தங்கி, அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்று, தொடரை ஏழாவது ஆட்டம் வரை கொண்டுவந்திருந்தது. ஆட்டம் பொஸ்டனில் நடந்தது. ரொறன்ரோவில் அரங்கின் வெளியே பெரிய திரைக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் நீலச் சட்டையுடன் கூடியிருந்தார்கள். நாங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தோம். மூன்றாவது பகுதி தொடங்கி ஆறு நிமிடங்கள்கூட ஆகாத நிலையில் ரொறன்ரோ 4-1 என்று முன்னிலை பெற்றது. மருமகன் எழுந்து நின்று, “மாமா, இனிப் பயமில்லை” என்றான். தங்கை சமையலறையிலிருந்து வந்து, “அப்பிடிச் சொல்லாதை தம்பி” என்றாள். ஆட்டத்தைப் பற்றி எதுவும் அறியாத அவள், அன்று எங்கள் எல்லோரையும்விட அதிகம் அறிந்திருந்தாள்.

பொஸ்டன் ஒரு கோல் போட்டது. 4-2. பரவாயில்லை என்றோம். பத்து நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக இருந்தது. அந்தப் பத்து நிமிடங்களில் மருமகன் ஒரு தடவைகூட உட்காரவில்லை. பின்னர் பொஸ்டன் தன் கோல்காப்பாளரை வெளியே எடுத்தது. 1 நிமிடம் 22 விநாடி மீதமிருக்கையில் மூன்றாவது கோல். 51 விநாடி மீதமிருக்கையில் நான்காவது. இடையில் கழிந்தவை 31 விநாடிகள். ஒரு கோப்பைத் தேநீரை ஆற்றுவதற்குக்கூட அது போதாது. மேலதிக நேரம் தொடங்கி ஆறு நிமிடங்கள் கடந்ததும், சமநிலைக் கோலைப் போட்ட அதே பொஸ்டன் வீரர் பேர்ஜரோன் வெற்றிக் கோலையும் போட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை நான் கண்ணால் கண்டேன். ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் மூன்று கோல் பின்தங்கிய ஓர் அணி வென்றது, அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. மருமகன் எதுவும் பேசாமல் சட்டையைக் கழற்றி மடித்துவைத்தான். அவன் அதை எறியவில்லை, மடித்துவைத்தான் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். 1967 இல் கிண்ணத்தை வென்ற ஆட்டமும் இதே கடைசி நிமிடத்தில்தான் முடிவானது. ரொறன்ரோ 2-1 என்று முன்னிலையில் இருக்க, மொன்றியல் தன் கோல்காப்பாளரை வெளியே எடுத்தது. ரொறன்ரோ தன் மூத்த வீரர்களை இறக்கியது. அணித்தலைவர் ஆம்ஸ்ட்ரோங் வெறுமையான கோலுக்குள் வட்டைச் செலுத்தினார். அன்று கிண்ணத்தைக் கொடுத்த அந்தக் கடைசி நிமிடமே 46 ஆண்டுகளின் பின்னர் ஓர் ஏழாவது ஆட்டத்தைப் பறித்தது. ஆகையால்தான் மீண்டும் சொல்கிறேன்: அந்த ரசிகர்கள் அஞ்சுவது எதிரணியை அல்ல, தங்கள் முன்னிலையை.

பின்னர் 2023 ஏப்ரலில், 19 ஆண்டுகளின் பின்னர், ஒரு சுற்றை வென்றார்கள். தம்பா பே அணிக்கு எதிராக மேலதிக நேரத்தில் ரொறன்ரோவின் தவாரெஸ் கோல் போட்டபோது, இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. மருமகன் அழைத்து, “மாமா, பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டு அழுதான். அடுத்த சுற்றில் புளோரிடாவிடம் தோற்றார்கள். 2024 இல் பொஸ்டனிடமும் 2025 இல் மீண்டும் புளோரிடாவிடமும், இரண்டு தடவையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். மடித்துவைத்த அந்தச் சட்டை ஒவ்வோர் ஏப்ரலிலும் வெளியே வருகிறது.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் இரண்டு விரலைக் காட்டுகிறார். பெண்களுக்கான தொழில்முறை ஹொக்கிச் சங்கத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், அதைச் சுருக்கவேண்டியதாயிற்று. அச்சங்கத்தின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1 ஆம் திகதி ரொறன்ரோவில் நடந்தது. அடுத்த மாதமே ரொறன்ரோவும் மொன்றியலும் ஆடிய ஆட்டத்தைக் காண 19,285 பேர் வந்தார்கள். மருமகனின் மகளுக்கு ரொறன்ரோவின் அந்தப் பெண்கள் அணியே தன் அணி. அவளுடைய அணிக்கு 1967 என்ற ஆண்டு இல்லை. முன்னிலையில் இருக்கும்போது அவள் எழுந்து நிற்பதில்லை. தகப்பனின் மடியில் இருந்து கைதட்டுகிறாள். தகப்பன்தான் கடிகாரத்தைப் பார்க்கிறான்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.