காலமை விறைக்கிற கை: இடியப்பம், தேங்காய்ப்பூ, கிழமைக் குளிசை

வணக்கம் எல்லாருக்கும். ருமட்டொயிட் ஆத்திரைட்டிஸ், முடக்குவாதம் எண்டு சொல்லுறமே, அது இருக்கிற ஆக்கள் காலமைக் குசினி வேலையை எப்பிடிச் சமாளிக்கிறது எண்டு இண்டைக்குப் பாப்பம். கடைசியில குளிசையைப் பற்றியும் கதைக்கிறன். அதைப் பாக்காமல் போயிடாதேங்கோ.

இது வயசுக்கு முழங்கால் தேயிறது மாதிரி இல்லை. உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வைத் தாக்குது. சவ்வு தடிச்சு வீங்கிப் பக்கத்து எலும்பை அரிக்குது. கமராவுக்குக் கிட்டக் காட்டுறன் பாருங்கோ: விரல் அடி மொளி, நடு மொளி, மணிக்கட்டு. கூடப் பிடிபடுறது இதுகள்தான், அதுவும் அனேகமா ரெண்டு கையிலயும். நகத்தடி மொளி மட்டும் நோகுதெண்டா அது பெரும்பாலும் தேய்மானம். எழும்பி அரை மணித்தியாலத்துக்கு மேல விரல் மடங்காமல் விறைச்சுப்போய் இருந்தா, எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் டொக்டரிட்டப் போங்கோ.

எழும்பின கையோட அடுப்படிக்குப் போகாதேங்கோ. ஒரு பேசினில இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு 10 நிமிசம் ரெண்டு கையையும் வைச்சிருங்கோ. முழங்கையை விட்டுப் பாத்தாச் சூடு சுகமா இருக்கவேணும், சுடக்கூடாது. தண்ணிக்குள்ளயே விரலை மெதுவா மடக்கி விரியுங்கோ, பெருவிரலால மற்ற விரல் நுனி ஒவ்வொண்டாத் தொடுங்கோ. அஞ்சாறு தரம் போதும். ஆனா மொளி வீங்கித் தொடேக்கயே கொதிக்குதெண்டா சூட்டுத் தண்ணி வேண்டாம். ஐஸை ஒரு துணியில சுத்தி 10 நிமிசம் வையுங்கோ.

சரி, இடியப்பம். எங்கட மரக் கை உரல் இந்த வருத்தத்துக்குச் சரியான எதிரி. ரெண்டு பிடியையும் விரலால இறுக்கி நெரிக்க, முழுப் பாரமும் வீங்கின மொளியிலதான் விழுது. அதுக்கு மேல மாவும் இறுகியிருந்தாச் சொல்லவே வேண்டாம். தண்ணி தளதளவெண்டு கொதிக்கேக்க மாவுக்குள்ள விட்டு அகப்பைக் காம்பால கிளறுங்கோ, சூடு ஆறமுந்திப் புழியுங்கோ. ஆறின தண்ணி விட்டா மா சேராது, உரலுக்குள்ள கல்லு மாதிரி நிண்டுவிடும். கைப்பிடி சுத்துற திருகு உரல் எண்டா இன்னும் நல்லது. அதையும் விரலால பிடிச்சுச் சுத்தாமல், உள்ளங்கையால தள்ளுங்கோ, தோளில இருந்து பலம் வரட்டும். கை மோசமான நாளில இடியப்பத்தை விட்டிட்டுப் புட்டு அவியுங்கோ. புட்டு மாவைப் பேணியாலதானே கொத்துறம். உருண்டைப் பேணி கைக்கு அடக்கமா இருக்கும், நெரிக்கிற வேலையும் இல்லை.

தேங்காய் திருவுறது அடுத்த கரைச்சல். சிரட்டையைத் திருவலையில சுழட்டேக்க மணிக்கட்டு முறுகுது. வீட்டில ஆர் இருந்தாலும் அந்த வேலையை அவையிட்டக் குடுங்கோ, வெக்கப்படாதேங்கோ. பாலையும் பொத்திப் பிழியாதேங்கோ. பூவை இளஞ்சூட்டுத் தண்ணியோட மிக்ஸியில அடிச்சு, வடியில போட்டு அகப்பையால அமத்தினாப் பால் வந்திடும்.

கத்தி, கரண்டிப் பிடி மெல்லிசா இருந்தா விரல் கூட இறுகும். பழைய சைக்கிள் டியூப் ஒண்டு எடுங்கோ, யாழ்ப்பாணத்தில அதுக்கே பஞ்சம்? ஒண்டரை அங்குல அகலத்தில நீட்டா வெட்டி, உள்ளுக்க இருக்கிற வெள்ளைப் பவுடரைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. கழுவாட்டி வழுக்கும். பிறகு பிடியைச் சுத்தி, ஒரு சுத்துக்கு மேல மற்றச் சுத்துப் பாதி ஏறுற மாதிரி இழுத்துச் சுத்துங்கோ. நுனியைக் கடைசிச் சுத்துக்கு அடியில செருகிவிட்டாச் சரி. அளவு என்னெண்டா, பிடிக்கேக்க கை முழுசா இறுக மூடாமல் தளர்வா இருக்கவேணும். அதுக்காக விரல் எட்டாத மொத்தத்துக்குச் சுத்தாதேங்கோ, கத்தி கையை விட்டுப் போகும்.

எவ்வளவு வேலை செய்யலாம் எண்டு கேட்டா, ஒரு வேலை செய்து 2 மணித்தியாலத்துக்குப் பிறகும் நோ குறையேல்லை எண்டா அது உங்களுக்குக் கூடிப்போச்சு. அடுத்த நாள் குறையுங்கோ, ஆனா முழுக்க நிப்பாட்டாதேங்கோ. அசையாத மூட்டு இறுகிப்போகும். முழங்காலுக்குக் கீழ தலகணி வைச்சுப் படுக்கிற பழக்கமும் அப்பிடித்தான், கால் மடங்கினபடியே நிண்டுவிடும். சலூனில கழுத்து முறிக்க விடவே வேண்டாம். இந்த வருத்தம் கழுத்தின்ர மேல் எலும்புகளையும் தளர்த்தும்.

இனிக் குளிசை. அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்சேட். அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும். டொக்டர் 10 மில்லிகிராம் எண்டு எழுதினா, 2.5 மில்லிகிராம் குளிசை 4. 10 மில்லிகிராமிலயும் குளிசை இருக்கு. அதில 4 போட்டா 40 ஆகிவிடும், அதால உறையில இருக்கிற அளவை ஒவ்வொரு முறையும் வாசியுங்கோ. பாமசியில தாற கடதாசி உறையில பெரிசாக் குளிசை போடுற நாளின்ர பேரை எழுதி, மற்றக் குளிசைகளோட சேக்காமல் வேறயா வையுங்கோ. பிழை நடக்கிறது அனேகமா வீட்டில வேற ஆக்கள் மருந்து எடுத்துக் குடுக்கேக்கதான், தினமும் போடுற பெட்டிக்குள்ள இதையும் போட்டுவிடுவினம். தினமும் போனா, இரத்தத்தை உண்டாக்கிற எலும்பு மச்சை படுத்துவிடும். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாமல் கண்டல் வந்தா அடுத்த முறை போடாமல் உடனை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஃபோலிக் அசிட் எண்ட விற்றமின் குளிசையை டொக்டர் சொன்ன வேற நாளில போடுங்கோ. இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதேங்கோ. ஈரலுக்கும் இரத்தத்துக்கும் வாற பிழை முதல்ல அதிலதான் தெரியும். கள்ளுச் சாராயம் வேண்டாம். பிள்ளை பெற யோசிக்கிற ஆக்கள் முதலே டொக்டரிட்டச் சொல்லவேணும். கோட்ரைமொக்சசோல் எண்ட அன்ரிபயோட்டிக் இதோட சேரக்கூடாது. எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் மெத்தோட்ரெக்சேட் போடுறன் எண்டு வாயால சொல்லுங்கோ.

இந்த மருந்து வேலை செய்ய 6 தொடக்கம் 12 கிழமை எடுக்கும். ரெண்டு கிழமையில சுகம் இல்லையெண்டு விட்டிட்டு, பேரில்லாத பொட்டலக் குளிசைக்குப் போறாக்கள் கனபேர். அது ரெண்டு நாளில நோவைப் பறக்கவைச்சா, உள்ளுக்க, வீக்கத்தைச் சட்டெண்டு அமத்துற ஸ்டீரோயிட் மருந்து இருக்கோ எண்டு சந்தேகப்படுங்கோ.

ஐப்பசி, கார்த்திகை மழையோட டெங்கு வரும். காய்ச்சல் எண்டா டைக்ளோஃபினாக், ஐபுபுரொஃபன் எண்ட நோக் குளிசை ரெண்டையும் நிப்பாட்டுங்கோ, இரத்தப்போக்கைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டும். அந்தக் கிழமை மெத்தோட்ரெக்சேட்டையும் டொக்டரைக் கேக்காமல் போடாதேங்கோ. ஆனா பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரோயிட் குளிசையை டொக்டர் சொல்லிப் போட்டுக்கொண்டு வாற ஆக்கள் அதைத் திடீரெண்டு நிப்பாட்டக்கூடாது. கிளினிக் கொப்பியையும் குளிசை உறைகளையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கொண்டு போய், வாட்டில முதல் பாக்கிற டொக்டரிட்டயே காட்டுங்கோ.