சான்றிதழின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். நான் திருச்சியில் வழக்கறிஞராகவும் நோட்டரியாகவும் தொழில் செய்கிறேன். வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ்கள் பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறார்கள்.

போன ஆடி மாதம் லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. அப்பா கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் மகளின் சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் எல்லாமே லேமினேஷன் செய்து பளபளவென்று இருந்தன. "ஒரு சொட்டுத் தண்ணி படாம வெச்சிருக்கேம்மா" என்றார் அப்பா.

எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அயர்லாந்துக்கு அந்தச் சான்றிதழ்களில் அப்போஸ்டில் வேண்டும். சான்றிதழில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மைதான் என்று வெளிநாட்டுக்குச் சொல்ல நம் அரசாங்கம் தருவது அப்போஸ்டில். நம் நாட்டில் அது ஒரு சின்ன ஸ்டிக்கர். அதை அசல் சான்றிதழின் பின்பக்கத்தில், காகிதத்தின் மேலேயே ஒட்டுவார்கள். முத்திரையும் கையெழுத்தும் காகிதத்தில்தான் விழ வேண்டும். பிளாஸ்டிக் மூடிய சான்றிதழை வாங்க மாட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். லேமினேஷனைப் பிரித்துத் தரும் கடையைத் தேடிப் போனார்கள். சூடு காட்டி மெதுவாக உரித்தார்களாம். பட்டச் சான்றிதழ் தப்பித்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் மட்டும் தலைமையாசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்துவிட்டன. மதிப்பெண்கள் அப்படியே இருந்தன, பெயரும் இருந்தது. கையெழுத்து போன சான்றிதழை எந்த அலுவலகத்தில் காட்டுவது? பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து மறுபடி வாங்க இரண்டரை மாதம் ஆனது. வேலை கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் காத்திருக்க மாட்டார்கள்.

அந்த அப்பா செய்தது அக்கறையில் செய்தது. நம் ஊரில் லட்சக்கணக்கான வீடுகளில் இதைத்தான் செய்திருப்போம். அதனால்தான் மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

சரி, அப்போஸ்டில் என்றால் என்ன? பைபிளில் வரும் அப்போஸ்தலரோடு சம்பந்தப்பட்டதா, சர்ச்சில் வாங்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சம்பந்தமில்லை. ஓரத்தில் எழுதும் குறிப்பு என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1961 அக்டோபர் 5 அன்று ஓர் ஒப்பந்தம் முடிவானது. அதற்கு முன்பு ஒரு நாட்டின் சான்றிதழ் இன்னொரு நாட்டில் செல்ல வேண்டுமென்றால், உள்ளூர் அதிகாரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், போகிற நாட்டின் தூதரகம், கடைசியில் அந்த நாட்டின் வெளியுறவுத் துறை என்று ஒருவர் கையெழுத்துக்கு இன்னொருவர் சாட்சி சொல்லிக்கொண்டே போக வேண்டும். கடைசி இரண்டு படிகளை எடுத்துவிடலாம், அவரவர் நாட்டில் வாங்கும் ஒரே முத்திரையை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளலாம் என்பதுதான் ஒப்பந்தம். இந்தியா இதில் சேர்ந்து 2005 ஜூலை 14 முதல் நமக்கும் நடைமுறைக்கு வந்தது. இப்போது 120க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன.

அந்த முத்திரையில் எண் போட்ட பத்து விவரங்கள் இருக்கும். எந்த நாடு, கையெழுத்துப் போட்டவர் யார், அவர் என்ன பதவியில் இருந்து போட்டார், யாருடைய முத்திரை இருக்கிறது. அப்புறம் எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரால் அப்போஸ்டில் தரப்பட்டது, அதன் எண் என்ன என்பவை. கடைசியில் முத்திரை, கையெழுத்து. உலகத்தில் எங்கே வாங்கினாலும் இதே பத்துதான். தலைப்பு மட்டும் எல்லா நாட்டிலும் பிரெஞ்சு மொழியில் இருக்கும்.

இந்தப் பத்தில் ஒன்றுகூடச் சான்றிதழுக்குள் எழுதியிருப்பதைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் பெயர் சரி, பிறந்த தேதி சரி, மதிப்பெண் சரி என்று அப்போஸ்டில் சொல்லாது. கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் உண்மையான அதிகாரி, அந்த முத்திரை உண்மையான முத்திரை, அவ்வளவுதான் சொல்லும். தப்பான பிறந்த தேதி உள்ள சான்றிதழிலும் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தப்பு அரசாங்க முத்திரையோடு உங்களுடன் விமானம் ஏறிவிடும். ஆகவே நம் வேலை எல்லாம் ஸ்டிக்கருக்கு முன்னால் இருக்கிறது. நான் இங்கே சொல்ல வந்ததும் இதுதான்.

அந்த வேலையில் முதலில் வருவது பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கவிதா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். மார்க் ஷீட்டில் 'கவிதா எம்'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் 'கவிதா முத்துக்குமரன்'. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் 'கவிதா பிரகாஷ்'. நமக்கு ஒரே கவிதா. டப்ளினிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இருக்கும் அதிகாரிக்கு மூன்று பெண்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். லட்சுமியை எக்ஸ் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு, கே எஸ் எச் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. அம்மா பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்தால், குழந்தை விசா அதிலேயே நின்றுவிடும்.

சின்ன வித்தியாசம் என்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் என் ஒருத்தியையே குறிக்கும் என்று அபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம், எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் தனியாக அப்போஸ்டில் வாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பெரிய வித்தியாசம் என்றால் சான்றிதழையே திருத்துவது அல்லது அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் நல்லது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பழைய பிறப்புச் சான்றிதழ்களில் இன்னொன்று பார்க்கிறேன். குழந்தையின் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். பெண், இன்ன தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பதிவு செய்த அன்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பிறகு யாரும் திரும்பிப் போய்ச் சேர்த்திருக்கவும் மாட்டார்கள். பதிவு செய்து பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமலும், பதினைந்து வருடத்துக்குள் தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தக் கட்டத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கல்யாணமும் அப்படித்தான். கோயில் ரசீதும் பத்திரிகையும் ஆல்பமும் வைத்துக்கொண்டு, கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அப்போஸ்டில் வாங்கித் தாருங்கள் என்று வருகிறார்கள். கோயில் ரசீதில் அப்போஸ்டில் வாங்க முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த திருமணச் சான்றிதழ் வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும். கறி விருந்துக்கும் மறுவீட்டுக்கும் நாள் குறிக்கும்போது இதற்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள்.

இனி வழி. நோட்டரியிடம் முத்திரை வாங்கிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நானே நோட்டரி என்பதால் சொல்கிறேன், ஜெராக்ஸில் நான் போடும் முத்திரைக்கு அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். வெளிநாட்டில் அது மட்டும் போதாது. முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும். கல்விச் சான்றிதழ் என்றால் கல்வித் துறை. ஏஜென்ட்டுகள் 'எச்.ஆர்.டி. அட்டஸ்டேஷன்' என்று சொல்வது இதைத்தான். பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ் என்றால் உள்துறை அல்லது அதற்காக அதிகாரம் பெற்ற அலுவலகம். இதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் தரும். முன்பு எல்லாமே டெல்லிக்குப் போக வேண்டியிருந்தது. 2019 முதல் சென்னையிலும் தருகிறார்கள். சான்றிதழ்களை அமைச்சகம் நம்மிடம் நேரடியாக வாங்குவதில்லை, அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அந்த நிறுவனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஈ-சனத் என்ற அரசு இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

அப்போஸ்டிலுக்கு அரசாங்கக் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய். வாங்கித் தரும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் மூன்று சான்றிதழுக்கு இருபத்தேழாயிரம் கொடுத்திருந்தான். அலைய முடியாதவர்கள் ஏஜென்ட்டிடம் கொடுப்பதை நான் தப்பு என்று சொல்லவில்லை. அரசாங்கத்துக்குப் போவது எவ்வளவு, ஏஜென்ட்டுக்குப் போவது எவ்வளவு என்று தெரிந்து கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை இணையத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இருக்கிறது. போலி ஸ்டிக்கர் என்று அங்கே போய்த் தெரிந்தால் வேலையும் போகும், பெயரும் கெடும்.

போகிற நாடு எது என்று பார்ப்பதும் முக்கியம். ஓமன் 2012இலும் பஹ்ரைன் 2013இலும் ஒப்பந்தத்தில் வந்தன. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர், சவூதியில் 2022 டிசம்பர், கனடாவில் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் துபாய், அபுதாபி போகிறவர்களுக்கும் கத்தார், குவைத் போகிறவர்களுக்கும் பழைய வழிதான். வெளியுறவு அமைச்சகத்தில் சாதாரண அட்டஸ்டேஷன், அப்புறம் அந்தந்தத் தூதரகம், அங்கே போய் அவர்கள் வெளியுறவுத் துறை.

ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் இந்தியா சேர்ந்தபோது ஆட்சேபம் தெரிவித்த நாடு அது. அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை அவர்கள் தூதரகமே தன் வழியில் விசாரித்துச் சரிபார்க்கும். படிக்கப் போகிறவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். என்ற சரிபார்ப்புச் சான்று கட்டாயம். இது தெரியாமல் எல்லாச் சான்றிதழிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு விசாவுக்குப் போய் நின்ற மாணவர்களை எனக்குத் தெரியும்.

அப்போஸ்டிலுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் சில நாடுகள் ஆறு மாதத்துக்குள் எடுத்த பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்று கேட்கும். தமிழில் இருக்கும் சான்றிதழ் என்றால் மொழிபெயர்ப்பும், அந்த மொழிபெயர்ப்புக்கே ஒரு அப்போஸ்டிலும் கேட்கிற இடங்கள் உண்டு. என்ன வேண்டும் என்று கேட்கிற அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அங்கிருந்து இங்கே வருவதும் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன், ஸ்ரீரங்கத்து வீட்டைத் தன் சார்பில் விற்க அம்மாவுக்கு அதிகாரம் கொடுத்து பவர் பத்திரம் எழுதி அனுப்புகிறான். அதை அங்கே நம் தூதரகத்தில் போய்க் கையெழுத்திடலாம். இல்லையென்றால் உள்ளூர் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு, அந்த மாகாண அரசிடம் அப்போஸ்டில் வாங்கி அனுப்பலாம். அமெரிக்காவில் அப்போஸ்டில் மாகாணத்துக்கு மாகாணம் தனி. டெக்சாஸ் நோட்டரியின் கையெழுத்துக்குக் கலிபோர்னியாவில் வாங்க முடியாது. அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியரில் வந்ததை அலமாரியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு ஆள் அமையட்டும் என்று ஒரு வருடம் காத்திருந்த அம்மாவை மறுபடி மகனுக்கு எழுதச் சொல்லும்படி ஆகிவிட்டது. அந்தப் பையன் விடுப்புப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான்.

லால்குடி நர்ஸ் மார்கழியில் அயர்லாந்து போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியில் நாமினல் ரோல் கொடுத்து, பெயர், பிறந்த தேதி எல்லாம் சரிதானா என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவார்கள் அல்லவா, அந்தத் தாள் வந்த அன்று ராத்திரி அப்பா எனக்குப் போன் செய்தார். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். "இதுல ஒரு எச் இல்லம்மா, நாளைக்கே போய்ச் சொல்லட்டுமா?" என்றார். சொல்லுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள் என்றேன்.

வணக்கம்.