ரேடியேட்டர் ஏன் சத்தம் போடுகிறது? பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் கோளாறு தேடும் முறை

[திரை இருட்டாக இருக்கிறது. தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தத்தோடு தூங்க முயன்றவர்களுக்கு இது என்ன என்று சொல்லவே வேண்டாம். குளிர்காலத்தில், அறையைச் சூடாக்கச் சுவரோரம் பொருத்தியிருக்கும் இரும்பு ரேடியேட்டருக்குள் வெந்நீர் ஓட ஆரம்பித்த முதல் வாரம், சுவருக்குள் யாரோ உட்கார்ந்து விடிய விடிய வாய் கொப்பளிப்பது போல இருக்கும். சில வீடுகளில் டிக் டிக் என்று கேட்கும். சில வீடுகளில் விசில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரைச் சூடாக்கும் ஒரே பாய்லரை எல்லா வீடுகளும் பங்கு போட்டுக்கொள்ளும் கட்டடத்தில், சத்தம் கேட்கிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் இன்னொன்று. இரும்புக் குழாய் சத்தத்தை நன்றாகவே கடத்தும். அடித்தளத்தில் வெந்நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்ப் முனகினால் 5-வது மாடி ரேடியேட்டரும் முனகும். ஆகவே கருவியை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

[ரேடியேட்டரின் மேல்மூலை, கிட்டத்தில்.]

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. உங்கள் ரேடியேட்டருக்குள் ஓடுவது வெந்நீர்தானா? ரொம்பப் பழைய கட்டடங்களில் நீராவியும் இருக்கலாம். ஒரே ஒரு குழாய்தான் உள்ளே போகிறது, பக்கவாட்டில் தானாகவே உஸ் என்று மூச்சுவிடும் சின்னக் குமிழ் ஒன்று இருக்கிறது என்றால் அது நீராவி. அதில் கை வைக்காதீர்கள், இந்த வீடியோ அதற்கானது இல்லை. மேல்மூலையில் சாவி போட்டுத் திருகும் சின்னச் சதுரத் தண்டு இருந்தால் அது வெந்நீர்.

சரி, களகளவுக்கு வருவோம். இது காற்று. குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, தண்ணீர் சூடாகும்போது குமிழியாக வெளியே வரும். குமிழி மேலே ஏறும், அதனால்தான் கடைசி மாடிக்காரருக்கு எப்போதும் இந்தத் தொல்லை. ரேடியேட்டரை மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். கீழே சூடு, மேலே சில்லென்று இருந்தால் மேற்பகுதியில் காற்று அடைத்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, மேலே சூடும் கீழே நடுவில் குளிரும் இருந்தால் அடியில் சகதி படிந்திருக்கிறது. இரும்பு அரித்து உண்டாகிற கருப்புச் சகதி அது. காற்றை எடுத்தால் அது போகாது, கழுவித்தான் எடுக்க வேண்டும்.

[கை, சாவி, துணி, சின்னக் கிண்ணம்.]

காற்றை எடுக்கும் விதம் இதுதான். கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் சொல்லி பம்ப்பை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டம் நின்றால் குமிழிகள் மேலே வந்து சேரும், தண்ணீரும் கொஞ்சம் ஆறும். ரேடியேட்டருக்குள் வெந்நீரை விடும் வால்வை முழுசாகத் திறந்து வையுங்கள். காற்றுத் திருகை, அதாவது மேல்மூலையில் இருக்கும் அந்தச் சதுரத் தண்டை, சாவி போட்டு இடப்பக்கமாகக் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று திருப்புங்கள். புஸ் என்று காற்று வரும், அப்புறம் துப்பித் துப்பித் தண்ணீர் வரும், கடைசியில் சீராக ஒழுகும். சீராக ஒழுகியதும் மூடிவிடுங்கள். துணி கட்டாயம் வேண்டும். வருவது பெரும்பாலும் கறுப்புத் தண்ணீர், வெள்ளைச் சுவரில் பட்டால் லேசில் போகாது. நான் ஒருமுறை துணி இல்லாமல் செய்து, பிறகு அந்தச் சுவருக்கே வண்ணம் அடித்தேன். இன்னொன்று, பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. உள்ளே அரிப்பு நடந்திருந்தால் வெளியே வரும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கலாம்.

திருகைத் திறந்தும் புஸ் என்ற சத்தமே இல்லை, தண்ணீரும் வரவில்லை என்றால் உடனே மூடுங்கள். உங்கள் மாடி வரைக்கும் அழுத்தம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். திறந்தே வைத்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும்.

இந்த இடத்தில்தான் பங்குக் கட்டடத்தின் வினோதம் இருக்கிறது. தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்குத் தாங்கி நிறுத்தக் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தேவை. 18 மீட்டர் உயரக் கட்டடத்தில், அடித்தளத்தில் இருக்கும் அழுத்த மானியில் 1.8 பாருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் காட்ட வேண்டும். இப்போது 3-வது மாடிக்காரர் வாராவாரம் காற்று எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு கொஞ்சம் தண்ணீரும் வெளியேறுகிறது, கட்டடம் முழுக்க அழுத்தம் இறங்குகிறது. முதலில் வறண்டு போவது உச்சி மாடி. அங்கே களகள. அங்கே இருப்பவரும் சாவியை எடுக்கிறார். அழுத்தம் இன்னும் இறங்குகிறது!

அதனால் ஆளாளுக்குத் திருகாமல், எடுத்தவுடன் பராமரிப்பவரிடம் சொல்லி மானியைப் பார்க்கச் செய்யுங்கள். தண்ணீர் சேர்த்துச் சேர்த்தும் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கிற விரிவுத் தொட்டியின் ரப்பர் சவ்வு கெட்டுவிட்டது. இதைச் சரிசெய்யாமல் புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காத வைத்தியம். புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜனும் வரும், அரிப்பும் சகதியும் கூடும்.

[அதிகாலை, டிக்... டிக்... டக்.]

இது வேறு ஜாதிச் சத்தம். சூடு ஏறும்போதும் ஆறும்போதும் மட்டும் வரும், நடுவில் நின்றுவிடும். குழாய் நீள்கிறது, அவ்வளவுதான். 10 மீட்டர் இரும்புக் குழாய் 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். செம்பு 8 மில்லிமீட்டரைத் தாண்டும். தரை ஓட்டையிலோ சுவர்க் கொக்கியிலோ இறுக்கமாக மாட்டியிருந்தால், பிடித்துப் பிடித்து வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் ஒரு டிக். குழாய் உராயும் இடத்தில் கம்பளித் துணித் துண்டையோ பிளாஸ்டிக் உறையையோ செருகினால் போதும். ஆபத்து இல்லை, தூக்கம்தான் கெடும். இரவில் சூட்டை ரொம்பக் குறைத்துவிட்டு விடியற்காலையில் ஒரேயடியாக ஏற்றும் கட்டடங்களில் இது அதிகம். ஏற்றத்தை மெதுவாக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

விசில் வந்தால் வால்வைப் பாருங்கள். பக்கத்து வீடுகளில் எல்லாரும் தங்கள் வால்வுகளை மூடிவிட்டால், பம்ப் தள்ளுகிற அழுத்தம் முழுக்க உங்கள் பாதி திறந்த வால்வு வழியாகப் பாயப் பார்க்கும். முழுசாகத் திறந்தால் விசில் நிற்கிறதா? நின்றால் உங்கள் வால்வைக் குறை சொல்ல வேண்டாம். பம்ப் வேகத்தைக் குறைக்க வேண்டும், ரேடியேட்டர்களுக்கு இடையே ஓட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட திருகு ஒன்று இருக்கும், அது இந்தச் சமனுக்கானது. சோதனைக்காக அதை மூடினால், எத்தனை சுற்று என்று எண்ணி வைத்து அதே அளவுக்குத் திறந்துவிடுங்கள்.

மரங்கொத்தி மாதிரி தடதடவென்று அடித்தால், வால்வைத் தலைகீழ் ஓட்டத்தில் பொருத்தியிருக்கலாம். உடம்பில் இருக்கும் அம்புக்குறி, சூடு உள்ளே வரும் திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். மாற்றுவது பிளம்பர் வேலை.

எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ரீங்காரம் கேட்டால் அது பம்ப். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது போல உறுமினால், பாய்லருக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். இரண்டிலும் நீங்கள் மாடியில் இருந்து செய்ய ஒன்றுமில்லை.

பராமரிப்பவருக்குத் தகவல் அனுப்பும்போது "சத்தம் வருகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அறை, எத்தனை மணிக்கு, ரேடியேட்டரின் எந்தப் பகுதி குளிர்ந்திருந்தது, வால்வை எவ்வளவு திறந்திருந்தீர்கள் என்று எழுதி, போனில் 10 விநாடி பதிவு செய்து சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் முன், உங்களுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். பல கட்டடங்களில் மூன்று வீடுகளுக்கும் சுவருக்குள் ஏறுவது ஒரே குழாய்தான்.